அரைப்பேர் எந்தப் பால்?

ஐம்பால் இலக்கணத்தை விளக்குங்கால் மாணாக்கர்க்கு யாம் கூறுவதொன்றுண்டு. ஒருவனாயின் ஆண்பால்; ஒருத்தியாயின் பெண்பால். மக்கட் கூட்டமாயின், ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடின்றிப் பலர்பால் என்னும் ஒன்றே நிற்கும். 'உழைத்தார்கள்' என்னும் வினைமுற்றிலே ஆடவரும் உளர், மகளிரும் உளர். இதனைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், மலைநாட்டிலிருந்து வந்து பயிலும் மாணவனொருவன் எழுந்து, "ஐயா, தோட்டத்திலே என் அம்மாவுக்கு அரைப்பேர் போடுகிறார்களே, அது எந்தப் பால்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது, எமக்கு நகை தோன்றவில்லை.

தோட்டத்து வழக்கிலே ஒருநாட் கூலிக்குரிய பதிவு 'பேர்' எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்கத் தவறியவளுக்குப் பாதிக் கூலியே பதியப்படும், அதுவே அரைப்பேர்.

ஆண், பெண் இருபாலார்க்கும் சம கூலி வந்துவிட்டதன்றோ, இனிப் பேசுவதற்கு என்ன உண்டு என்பார் சிலர். அது வந்த வரலாற்றை நினைத்தல் நன்று. 1984ஆம் ஆண்டு வரை தேயிலைத் தோட்டங்களிலே பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலியினும் குறைவாகவே இருந்தது. இது கங்காணி ஒருவரின் தன்னிச்சையன்று; 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் முறைப்படி வகுக்கப்பட்ட வேறுபாடேயாம். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து போராடிய பின்னரே, 1984இல், அது நீங்கிற்று.

ஆண் குடும்பத்தைத் தாங்குபவன், ஆதலின் அவனுக்கு மிகுதி வேண்டும் என்பது பழைய நியாயம். கணவனை இழந்தவள் தன் மக்களைத் தாங்கவில்லையா? மணமாகாத இளைஞனுக்கு அக்காரணம் பற்றி எவரேனும் கூலியைக் குறைத்ததுண்டா? கூலி உழைப்பின் விலை. குடும்பநிலை நோக்கி அளிக்கும் உபகாரமன்று.

ஆயினும் நாட்கூலி ஒன்றானமையால் நீதி நிறைவெய்திற்று என்றல் பொருந்தாது. 'நாள்' என்பதன் அளவு இருவர்க்கும் ஒன்றா? கவ்வாத்து வெட்டும் ஆடவர் தமக்கு வகுத்த பணியை முடித்து, வெயில் தாழுமுன்னரே லயத்துக்குத் திரும்புதல் வழக்கம். கொழுந்தெடுக்கும் பெண்ணோ மாலை நிறுவை முடியும்வரை மலையிலே நிற்பாள். மழை பொய்த்துக் கொழுந்து குன்றிய நாளிலும் நிறையளவு குறையாதாயின், குற்றம் செடியினதா, அவளதா?

1951ஆம் ஆண்டிலே சர்வதேசத் தொழில் தாபனம் ஏற்றுக்கொண்ட 100ஆம் இலக்கச் சமவாயம் 'சம வேலை' என்று கூறி அமையவில்லை. 'சம பெறுமதியுள்ள வேலை' என்றது. இச்சொல்லின் நுட்பம் உணரத்தக்கது. கவ்வாத்தும் கொழுந்தெடுப்பும் ஒரே வேலையல்ல. 'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்று மட்டும் விதித்தால், பெரும்பாலும் பெண்களே செய்யும் வேலையைத் தாழ்த்தி மதிப்பதற்கு வாயில் திறந்தே கிடக்கும். திறன், முயற்சி, பொறுப்பு, வேலை செய்யும் சூழல் ஆகியவற்றை நோக்கிப் பெறுமதியை அளந்தாலன்றி அவ்வாயில் அடைபடாது.

நம் நாடு 1993இல் அச்சமவாயத்தை ஏற்று உறுதி செய்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், தன் 12ஆம் உறுப்புரையிலே, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டுதலை விலக்கியுள்ளது. இவ்விரண்டின் கருத்தும் தொழிற் சட்டத்திலே ஐயத்துக்கிடமின்றிப் பொறிக்கப்படல் வேண்டும். நிறையளவை வகுக்கும் இடத்திலே கொழுந்தெடுப்பவளின் சொல்லும் கேட்கப்படல் வேண்டும்.

அரசினர் பாடசாலையிலே ஆசிரியரும் ஆசிரியையும் ஒரே சம்பளத் திட்டத்தின்கீழ் உள்ளனர்; அதனை இயல்பென்றே கொள்கிறோம். நமக்கு இயல்பாயது கூடை சுமப்பவளுக்கு மட்டும் சலுகையாதல் எங்ஙனம்?

அம்மாணவனுக்கு அன்று யாம் உரைத்த விடை இதுவே: "தம்பி, உயர்திணையிலே அரை என்று ஒரு கணக்கு இல்லை."