மருந்துச் சீட்டா, மந்திரச் சீட்டா?

மனநோய் கண்டவனைச் சங்கிலியால் கட்டிப்போட்டுத் தெய்வத்தின் பேரில் பாரத்தைப் போடும் வழக்கத்தின் யோக்கியதை, 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் வெளியாயிற்று. கொட்டகை பற்றியெரிந்தது, கட்டுண்டவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமோ சங்கிலியை அடியோடு தடுத்துவிட்டது. பூசாரியை விட்டு டாக்டரிடம் போங்கள் என்றுதான் நாமும் சொல்லுகிறோம். ஆனால் டாக்டரிடம் போனதோடு பகுத்தறிவின் வேலை முடிந்துவிட்டதா?

இருமுனை மனநோய் என்பது, சில காலம் உற்சாகம் தலைக்கேறித் தூக்கமின்றிக் கைப்பொருளை வாரியிறைக்கவும், சில காலம் பாயை விட்டெழ மனமின்றிக் கிடக்கவும் செய்வதாகும். சோர்வுக் காலத்தில் வந்தவனிடம் முன் நடந்ததை விசாரியாமல், சோர்வுக்கு மாத்திரம் மாத்திரை எழுதினால், சிலரை அது மறுமுனைக்குத் தூக்கிவிடும். உடனே வீட்டார் 'பழைய பேய் வந்துவிட்டது' என்று வேப்பிலைக்காரனைத் தேடுவார்கள். குற்றம் வேப்பிலைக்காரனுடையது மட்டுந்தானா?

இந்நோய்க்கு லித்தியம் உதவும் என்பதை 1949-ல் ஆஸ்திரேலியா தேசத்து ஜான் கேட் என்ற வைத்தியர் வெளியிட்டார். இன்றும் அதுவே முதல் தரமான மருந்துகளில் ஒன்று, விலையும் சொற்பம். ஆனால் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5-க்கு மேல் போனால் ஆபத்து. ஆனபடியால் இரத்தம் எடுத்துப் பாராமல் லித்தியம் கொடுப்பது தாயத்துக் கட்டுவதற்குச் சமானமேயாகும்.

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டித் தோழர்கள் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். சிப்காட் உருக்காலையில் உலைமுன் நிற்பவனுக்கு வியர்வையில் நீரும் உப்பும் போய்விட்டால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். பேதி கண்டாலும் அப்படியே. இடுப்பு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக்கும் அதே காரியத்தைச் செய்யும். கை நடுங்கும், வாந்தியெடுக்கும், நடை தள்ளாடும். ஊரார் 'குடித்திருக்கிறான்' என்று சிரிப்பார்கள்! அவன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடுவதும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். வால்புரோயேட் என்ற மாத்திரையைக் கர்ப்பத்தில் சாப்பிட்டால், பத்தில் ஒரு குழந்தை அங்கக்குறையோடு பிறக்கக்கூடும். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி குன்றக்கூடும். இதனால் 2018 முதல் இங்கிலாந்தில் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கலியாணமாகப் போகும் பெண்ணுக்கு நாள் நட்சத்திரம் பார்க்கும் நம்மவர்கள், அவள் தின்னும் மாத்திரை இன்னதென்று பார்ப்பதுண்டா? அவளிடம்தான் யாராவது சொல்லுகிறார்களா?

மேற்படி சட்டத்தின் 22-வது பிரிவு, என்ன வைத்தியம், அதன் கெடுதல்கள் என்ன என்பவற்றை நோயாளிக்குப் புரியும் பாஷையில் தெரிந்துகொள்ள உரிமை தந்திருக்கிறது. புரியாத மந்திரத்துக்குக் கும்பிடு போட மாட்டோம் என்ற நாம், புரியாத கிறுக்கலுக்கு மட்டும் ஏன் கும்பிட வேண்டும்?

ஆரம்பாக்கத்துக் கூலிக்காரன் இரத்தப் பரிசோதனைக்கு ஒருநாள் கூலியை விட்டு, ரயிலேறிக் கீழ்ப்பாக்கம் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், அவன் போகமாட்டான். சீட்டைக் காட்டி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்வான். அவனுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இரத்தம் எடுத்து, முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரையில் தோழர்கள், சீட்டைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடாமல், 'அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில்?' என்று டாக்டரையே கேட்பார்களாக.