துறையும் வண்டிப்பேட்டையும்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி தீவு எனப்படும் என்று பூகோள பாடத்தில் நாமனைவரும் இளமையிற் படித்திருக்கின்றோம். நிலத்தின் இயல்பைக் கூறுதற்கு அவ்விலக்கணம் போதுமானதே. ஆயினும், அந்நிலத்தில் வாழும் மக்களின் நிலையை அறிய விரும்புவோர்க்கு அது போதாது. மருந்துக்கும், மேற்படிப்புக்கும், வழக்குக்கும், வாணிகத்துக்கும் தீவில் வாழ்வோர் எதிர்க்கரையையே நாடவேண்டியவராயிருக்கின்றனர். அவர்தம் பயணம் மூன்று கூறுகளையுடையது. வீட்டிலிருந்து துறைக்குச் செல்வது ஒன்று. துறையிலிருந்து எதிர்த்துறைக்குக் கடல்வழிச் செல்வது ஒன்று. எதிர்த்துறையிலிருந்து நகருக்குச் செல்வது மற்றொன்று. இம்மூன்றில் யாதேனுமொன்று அறுந்தாலும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போகும். இவற்றுள் நடுக்கூறாகிய படகுப் பயணத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். படகு பழையதோ புதியதோ, கட்டணம் எவ்வளவு என்று வினவுகின்றனர். எதிர்த்துறையில் இறங்கிய பின்னர் அம்மக்களுக்கு நேர்வது யாது என்று கேட்பார் மிகச் சிலரே. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

கடலுக்கு நெடுந்தொலைவில், குற்றால மலையின் அடிவாரத்தையொட்டிய இலத்தூரில் வாழும் ஒருவனுக்குத் தீவினரைப் பற்றி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சாரற் காலத்தில் நம் பக்கத்துச் சாலைகளைக் கண்டோர் இவ்வினாவை எழுப்பார். ஆனியும் ஆடியும் வந்து அருவிகளில் நீர் பெருகத் தொடங்கியவுடன், பல திசைகளினின்றும் வரும் மோட்டார் வண்டிகள் குற்றாலத்துச் சாலைகளின் இருமருங்கும் நிறைந்துவிடுகின்றன. விருந்தினர் வருகையால் ஊருக்கு வருவாய் உண்டு. அதனை வேண்டாவென்பார் எவருமிலர். எனினும், நோயாளி ஒருவரை வண்டியிலேற்றித் தென்காசி மருத்துவமனைக்கு விரைவோர்க்கு அந்த நெருக்கம் பெருந்துன்பமே. அத்தகைய வேளையில் நமக்கு வேறு வழி உண்டு; சுற்றியாவது சென்று சேரலாம். தீவினர்க்கோ வழி ஒன்று, துறையும் ஒன்று. அத்துறை அடைபட்டால் அவர்க்கு ஊரே அடைபட்டதாகும். நம் மலைப்பக்கத்திலும் இதனையொத்த வாழ்வுடையோர் உளர். காரையார் அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால் இஞ்சிக்குழியில் வாழும் காணி மக்கள் படகேறியும் காட்டுவழி நடந்தும் ஊர்ப்புறம் வருகின்றனர்.

தமிழ் வழங்கும் நிலத்தில் படகை நம்பி வாழ்வோரின் நிலையை நன்கு விளக்குவன யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த தீவுகளாகும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவை கடலினூடே இடப்பட்ட சாலைகளால் குடாநாட்டோடு இணைக்கப்பெற்றுள்ளன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்னும் நான்கும் இன்றளவும் படகையே நம்பியிருக்கின்றன. இவற்றுள் நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கிருந்து புறப்படுவோர் சுமார் ஒரு மணி நேரம் கடலிற் சென்று, புங்குடுதீவின் மேற்குக் கோடியிலுள்ள குறிகாட்டுவான் துறையில் இறங்குவர். யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஆகவே, படகை விட்டிறங்கிய நெடுந்தீவார்க்குப் பயணம் பாதியே முடிந்ததாகும்.

இக்கடல்வழியின் வரலாறு துயரம் நிறைந்தது. 1985-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினி என்னும் படகிற் பயணஞ்செய்தோர் பலர் நடுக்கடலிற் படுகொலையுண்டனர். அதன் பின்னரும் அம்மக்கள் படகேறாமலிருக்க இயலவில்லை. வேறு வழி அவர்கட்கில்லை. 2017-ஆம் ஆண்டில் நெடுந்தாரகை என்னும் புதிய கலம் சேவைக்கு விடப்பட்டது. புதுக்கலம் வருவது நன்றே. ஆனால், கலம் விரைவாகச் சென்று சேர்ந்தும், கரையில் பஸ் புறப்பட்டுப் போயிருக்குமாயின் அவ்விரைவினால் விளையும் பயன் யாது?

ஆதலின், நாம் முதலாவதாக வேண்டுவது கால அட்டவணையின் ஒற்றுமை. படகு வந்து சேருமளவும் பஸ் காத்திருத்தல் வேண்டும். கடைசிப் பஸ் வந்து சேருமளவும் கடைசிப் படகு காத்திருத்தல் வேண்டும். இஃது இயலாத காரியம் என்பாருளர். நம் முன்னோர் காலத்திலேயே இது நடந்துவந்ததென்பதை அன்னோர் மறந்தனர் போலும். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிற் புறப்பட்ட புகைவண்டி தனுஷ்கோடித் துறைவரை சென்றது. அங்கே நீராவிக் கப்பல் ஆயத்தமாயிருந்தது. கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கியோர்க்குக் கொழும்பு செல்லும் புகைவண்டி காத்திருந்தது. போட் மெயில் என்னும் பெயர் இக்காரணத்தாலேயே வழங்கலாயிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இவ்வொழுங்கு நிலவியது. இரண்டு நாடுகளுக்கிடையே கப்பலையும் புகைவண்டியையும் ஒரே அட்டவணையில் இணைக்க முடிந்ததாயின், ஒரு மாவட்டத்திற்குள் படகையும் பஸ்ஸையும் இணைத்தல் அரிதாமோ?

இரண்டாவதாக வேண்டுவது வண்டிகளை நிறுத்துமிடம். இதனைச் சிறு காரியமென்று தள்ளிவிடுதல் கூடாது. பஸ் செல்லாத நேரத்திலும், பஸ் செல்லாத ஊருக்கும் செல்லவேண்டிய தீவினர், தம் சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ எதிர்க்கரையிலேயே விட்டுவைக்க நேரிடுகின்றது. நிலத்தில் வாழ்வோரின் வண்டி இரவில் வீட்டு வாயிலில் நிற்கும். தீவினரின் வண்டியோ உடையவர் கண்ணுக்கெட்டாத தொலைவில், உப்புக் காற்றிலும் மழையிலும் நிற்கும். காற்று மிகுந்து படகு விடப்படாத நாளில், வண்டியும் அவரும் வெவ்வேறு கரைகளில் இருப்பர். ஆதலின், சுற்றுலா செல்வோர் ஒரு பகற்பொழுது வண்டியை நிறுத்துவதும், தீவினர் பல இரவுகள் வண்டியை நிறுத்துவதும் ஒன்றல்ல. முன்னதற்கு வெட்டவெளியே போதும். பின்னதற்குக் கூரையும், விளக்கும், காவலும் வேண்டும்.

இதற்கு மேனாட்டு முறையைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. நம் நாட்டுச் சந்தையூர்களிலும் கோயிலூர்களிலும் வண்டிப்பேட்டை என்பதொன்று இருந்தது. தொலைவிலிருந்து வருவோர் வண்டியை அவிழ்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அச்சமின்றித் தம் காரியத்தைப் பார்க்கச் செல்வர். வழிப்போக்கர் இராத்தங்குவதற்குச் சத்திரங்களும் இருந்தன. படகுத்துறைக்கு வேண்டுவன இவ்விரண்டுமே. வண்டிப்பேட்டை உடைமையைக் காக்கும். சத்திரம் உடையவரைக் காக்கும். கடல் கொந்தளித்துப் படகு நின்ற இரவில், கைக்குழந்தையோடு கரையில் அகப்பட்ட தாய்க்கு ஒரு கூரையும் ஒரு கழிப்பிடமும் அமைத்துத் தருதல் அரசினர்க்குப் பெருஞ்செலவாகாது.

இனி, துறையில் யார்க்கு முதலிடம் என்பது ஆராயத்தக்கது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர் போற்றும் நாகதீப விகாரையும் உள்ளன. திருவிழாக் காலங்களில் இலங்கையின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரளாகக் குறிகாட்டுவானுக்கு வருகின்றனர். வழிபட வருவோரைத் தடுப்பது முறையன்று. ஆயினும், வருவோர் வண்டிகளைத் துறைக்குச் சற்று அப்பாலே நிறுத்தச் செய்து, அங்கிருந்து சிறு பஸ்ஸில் அவர்களைத் துறைக்குக் கொண்டுவரலாம். துறையை அடுத்த நிழலிடம் தீவினர்க்கே உரியதாதல் வேண்டும். நோயாளிகளைக் கொண்டுசெல்லும் ஆம்புலன்ஸ் நிற்குமிடம் எந்நாளும், எவ்விழாவிலும், வேறெவ்வண்டியும் அணுகாத இடமாயிருத்தல் வேண்டும். விருந்தினரிடம் பெறும் நிறுத்தற் கட்டணத்தைக் கொண்டே தீவினரின் கொட்டகைக்குக் காவலும் விளக்கும் அமைக்கலாம்.

"இத்தனையும் எதற்கு? பாலம் கட்டிவிட்டால் எல்லாம் தீருமே" என்று கூறுவார் சிலர். பாலத்தின் பயனை யான் மறுக்கவில்லை. பாம்பனில் 1914 முதல் புகைவண்டி சென்றபோதிலும், 1988-இல் சாலைப்பாலம் திறக்கப்படும்வரை, மோட்டார் வண்டி தன் சக்கரத்தால் உருண்டு இராமேசுவரம் செல்ல வழியில்லாதிருந்தது. அப்பாலம் அத்தீவு மக்களுக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால், ஒரு மணி நேரக் கடற்பயணத் தொலைவிலுள்ள நெடுந்தீவுக்குப் பாலம் அமையுமென்று காத்திருத்தல் கைக்கெட்டிய உதவியையும் இழப்பதாகும். மேலும், பாலம் வந்த இடத்திலும் கரையின் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடவில்லை. கொச்சியை அடுத்த வைப்பின் தீவுக்கு 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் அமைந்தன. ஆயினும், அத்தீவிலிருந்து வந்த தனியார் பஸ்கள் நகரத்துக்குள் நுழைய நெடுங்காலம் அனுமதி பெறவில்லை. உயர்நீதிமன்றச் சந்திப்பிலேயே மக்கள் இறங்கி வேறு பஸ் ஏறவேண்டியதாயிற்று. கடலைக் கடந்தாயிற்று, நகர எல்லையைக் கடக்க இயலவில்லை.

அதே கொச்சி நல்ல வழியையும் காட்டியிருக்கின்றது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்குத் தொடங்கப்பெற்ற நீர்வழி மெட்ரோ, 10 தீவுகளை 38 துறைகளால் இணைக்கும் திட்டமுடையது. மின்விசையால் ஓடும் அப்படகுகளுக்கு மிதக்கும் மேடைகள் அமைத்திருக்கின்றனர்; நீர் ஏறினும் இறங்கினும் மேடையும் உடன் ஏறியிறங்குமாதலால், முதியோரும் கால் நலங்குன்றியோரும் அச்சமின்றி அடியெடுத்து வைக்கலாம். வைட்டிலா என்னுமிடத்தில் பஸ் நிலையமும், மெட்ரோ இரயில் நிலையமும், படகுத்துறையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. படகைத் தனியே நோக்காது, பயணத்தை முழுமையாக நோக்கியதன் விளைவு இதுவாகும்.

சிறு தொகையினரான மக்களுக்கு இவ்வளவு செலவு தகுமோ என்பது மற்றொரு தடை. இலத்தூரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலை எவ்வளவு வருவாய் ஈட்டிற்று என்று எவரேனும் கேட்கின்றனரோ? சாலையை அரசினர் பொதுப்பணத்திற் செப்பனிடுகின்றனர். நாம் அதன்மேல் கட்டணமின்றி நடக்கின்றோம். தீவினர்க்குக் கடலே சாலை. ஸ்காட்லாந்து அரசினர் 2008-ஆம் ஆண்டில் மேலைத் தீவுகள் சிலவற்றுக்குச் சோதனையாக ஒரு முறையைத் தொடங்கினர். அத்தொலைவைச் சாலையிற் கடந்தால் எவ்வளவு செலவாகுமோ, அதனை அளவாகக் கொண்டு கப்பற் கட்டணத்தை விதிப்பதே அம்முறை. பின்னர் அது பிற தீவுகளுக்கும் விரிக்கப்பட்டது. கடலால் பிரிக்கப்பட்டமைக்காக ஒருவர் தண்டம் செலுத்துதல் ஆகாது என்னும் நீதியே அதன் அடிப்படையாகும்.

செலவைக் கணக்கிடுவோர் செலவிடாமையின் விலையையும் கணக்கிடல் வேண்டும். 2002-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் விடியற்காலையில், கேரளத்து வேம்பநாட்டுக் காயலில், முகம்மையிலிருந்து குமரகத்துக்குச் சென்ற படகு கவிழ்ந்து 29 பேர் மாண்டனர். அளவுக்கு மிஞ்சிய கூட்டத்தோடு சென்ற அப்படகில் அரசுப்பணித் தேர்வெழுதச் சென்ற இளைஞர் பலர் இருந்தனர். தேர்வு நேரத்துக்குள் போய்ச் சேர்தற்கு ஏற்ற படகு ஒன்றேயாயின், கூட்டம் அதிலேயே ஏறும். நம்மையொத்த மாணவர்க்கு இச்செய்தி எளிதில் மறக்கத்தக்கதன்று. அட்டவணை வகுப்போர் ஓர் அலுவலக அறையில் எழுதும் எண்கள், வேறிடத்தில் உயிர்களைத் தாங்கி நிற்கின்றன.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறவேண்டும். வண்டிக்கு இடம் என்றவுடன் கடற்கரை முழுவதையும் கல்பாவி மோட்டார்க் கார்களுக்குக் கொடுத்துவிடுதல் கூடாது. இடம் பெருகினால் கார் பெருகும். கார் பெருகினால் மீண்டும் இடம் போதாதாகும். குற்றாலத்தில் இதனை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். வலையுலர்த்துவோர்க்கும் மீன் விற்போர்க்கும் உரிய மணலைப் பறித்து வண்டிக்களமாக்குதல் அநீதியாகும். ஆகையால், முதலிடம் பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும். அடுத்த இடம் தீவினரின் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும். அதற்கடுத்தது சரக்கு வண்டிக்கு. எஞ்சியதே விருந்தினர் காருக்கு என வரிசை வகுத்தல் நலம்.

நம் கல்லூரி மாணவர்களுள் பலர் நாளைய பொறியாளர்களாகவும், வட்டாட்சியர்களாகவும், போக்குவரத்து அதிகாரிகளாகவும் விளங்கவிருக்கின்றனர். விடுமுறையிற் படகேறித் தீவொன்றைக் காணச் செல்வோர், அங்குள்ள கோயிலையும் கோட்டையையும் மட்டும் கண்டு திரும்பாது, துறையிலும் ஒரு நாழிகை நின்று நோக்குக. எத்தனை வண்டிகள் நிற்கின்றன, அவற்றுள் தீவினருடையவை எத்தனை, படகு வந்தபின் பஸ் எத்தனை நிமிடத்திற் புறப்படுகின்றது என்று குறித்துக்கொள்க. அக்குறிப்பை உரிய அதிகாரிகளுக்கு எழுதியனுப்புக. கடலைச் சுருக்க எவராலும் இயலாது. கரையில் காத்திருக்கும் காலத்தைச் சுருக்குதல் மனிதர் கையில் உள்ளது. அதனைச் செய்தல் நம் கடன்.