பூட்டைத் திறந்து விற்றுவிட்டு, களவு கொடுத்தவரை ஏசாதீர்கள்



எங்கட தீவுகளில் யாருடைய கணக்காவது களவு போனால் உடனே ஒரு கொமென்ட் வரும்: "செட்டிங்ஸ் மாத்தத் தெரியாத சனம், அப்படித்தான்." ஒரு ஆசிரியராக இதை என்னால் ஏற்க முடியாது. போனோ கொம்பியூட்டரோ, பெட்டியைத் திறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் பெரும்பாலானோர் கடைசிவரை பாவிக்கிறார்கள். உலகம் முழுக்க இதுதான் நடப்பு. ஆகவே முதல் பொறுப்பு, அந்த அமைப்பை முடிவு செய்தவருடையது.

பென்ட்ரைவால் வைரஸ் ஏறிய காலம் நினைவிருக்கிறதா? வின்டோஸ் எக்ஸ்பியில், செருகிய பென்ட்ரைவில் இருப்பதை இலகுவாக இயக்கிவிடும் 'ஓட்டோரன்' வசதி திறந்தே இருந்தது. 2008 கடைசியில் கிளம்பிய கொன்பிக்கர் வைரஸ் அந்த வழியையும் பிடித்துக்கொண்டது. 2011 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் ஒரு அப்டேட் மூலம் அதை அடைத்தது, தொற்றும் குறைந்தது. அதற்காகச் சனம் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. மாறியது ஒரு செட்டிங்.

"அப்ப எல்லாத்தையும் பூட்டுவோம்" என்பாரும் உண்டு. அதுவும் சரிவராது. 2007இல் வந்த விஸ்டா எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டது. சலித்துப்போனவர்கள் வாசிக்காமலே அழுத்தினார்கள்; சிலர் அதை நிறுத்தியே விட்டார்கள். 2009இல் வின்டோஸ் 7 கேள்விகளைக் குறைக்க வேண்டி வந்தது. நெடுந்தீவில் ஒரு அம்மாவின் போன் பூட்டுப்பட்டால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். ஒரு நாள் உழைப்பு போச்சு. அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

பாதுகாப்பும் இலகுவும் எதிரிகள் இல்லை. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், பூட்டிய திரையில் செய்தி வந்ததை மட்டும் காட்டும். உரியவரின் முகத்தைக் கண்ட பிறகே உள்ளே இருப்பதைக் காட்டும். அவர் தனியாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. விலை குறைந்த பல போன்களிலோ, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் பூட்டிய திரையிலேயே பளிச்சென்று தெரிகிறது. ஏழை வீட்டுக் கதவு மட்டும் ஏன் திறந்து கிடக்க வேண்டும்?

போன் விற்கும் தம்பிமாரே, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பிள்ளைகளே! கொடுக்க முன் மொழியைத் தமிழாக்குங்கள். விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையே இல்லை. பூட்டிய திரையில் செய்தியை மறையுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து அப் ஏற்றும் அனுமதியைத் திறந்து விடாதீர்கள். அப்டேட்டை நிறுத்தாதீர்கள். பாஸ்வேர்ட்டைக் கடதாசியில் எழுதி உரியவர் கையிலேயே கொடுங்கள்.

பத்து நிமிட வேலை. இதைச் செய்யாதவருக்கு, பிறகு அந்த அம்மாவை ஏச உரிமை இல்லை.