உழவு மாடும் பந்தய மாடும் ஒரே நுகத்தடியிலயா?

ரெண்டு பேட்டரியை இணைச்சு விட்டா ரெண்டு மடங்கு கரண்டு, வேற எதையும் யோசிக்க வேணாம்னு கேம்பர் வேன் கட்டித் தர்றவங்க சிலர் சொல்றாங்க. இப்படிச் சொல்றவங்ககிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க.

மந்தைவெளியில இருக்கிற என் மச்சான் மகனும் அப்படித்தான் பழைய டெம்போ வேனைக் கொடுத்தான். மெத்தை, குட்டி ஃப்ரிட்ஜ், கலர் கலரா லைட்டு, எல்லாம் ஜோர். பொங்கலுக்கு எங்க ஊருக்கு ஓட்டிட்டு வந்தான். மறுநாள் காலையில சாவியைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். ராத்திரி பூரா ஃப்ரிட்ஜும் ஃபேனும் ரெண்டு பேட்டரியையும் சேர்த்தே உறிஞ்சிடுச்சு.

வண்டி பேட்டரி பந்தய மாடுங்க. மெல்லிசான தகடு நிறைய இருக்கும். ஸ்டார்ட் பண்ற சில விநாடிக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வேணுங்கிறது உழவு மாடு. உங்க வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கே டியூபுலர், அந்த மாதிரி மெதுவா, மணிக்கணக்கா இழுக்கிறது. ரெண்டையும் ஒரே நுகத்துல நிரந்தரமா பூட்டுற சம்சாரியை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

இன்ஜின் ஓடும்போது மட்டும் ரெண்டையும் சேர்த்து, நின்னதும் பிரிச்சு விடுற ரிலே ஒண்ணு போதும். லித்தியம் போட்டா, இல்ல பிஎஸ்6 வண்டின்னா, டிசி டு டிசி சார்ஜர் வைக்கிறதுதான் சரி. லித்தியம் கரண்டை வாரி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிடும். புது வண்டிகள் பலதுல ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும், பின்னாடி பேட்டரி ரொம்பாது.

அடுத்தது இந்த ஏசி ஆசை. 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிதான் எடுக்கலாம், 50. அதுக்கு மேல தினமும் உறிஞ்சினா சீக்கிரம் செத்துரும். 1200 வாட் ஏசி 12 வோல்ட்டுல 100 ஆம்பியர் கேக்கும். அரை மணி நேரம், கதை முடிஞ்சுது. மந்தைவெளியில இருந்து மகாபலிபுரம் போறதுக்குள்ள திரும்ப ரொம்பிடும்னு வேற சொல்றாங்க. கடைசி இருபது சதவீதம் ஏற மட்டும் பல மணி நேரம் ஆகுங்க.

எனக்கு நிஜமாவே கோவம் வந்தது ஃபியூஸைப் பார்த்துதான். முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் போற தடி ஒயருக்கு ஃபியூஸே இல்ல. ரெண்டு முனையிலயும் பேட்டரி இருக்கு, அப்போ ரெண்டு முனையிலயும் ஃபியூஸ் வேணும். சேஸிஸ்ல உரசி ஒயர் தோல் உரிஞ்சா, எந்தப் பக்கம் இருந்தும் தீ பிடிக்கும். மேல குழந்தைங்க தூங்குது. தண்ணி ஊத்துற பேட்டரியையும் அதே கட்டிலுக்கு அடியில மூடி வச்சிருக்காங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வருமே, அது வெளிய போக ஒரு குழாய் விட்டா காசு கரைஞ்சிடுமா? கலர் லைட்டுக்கு ஆன செலவுல பாதி கூட ஆகாது.

மாசத்துல ரெண்டு நாள்தான் வண்டி எடுப்பீங்க. மிச்ச நாளெல்லாம் தெருவோரம் மர நிழல்ல நிக்கும், மேல இருக்கிற சோலார் தகடும் சும்மா கிடக்கும். லெட் ஆசிட்டை அரைகுறை சார்ஜுல விட்டா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். ஊருக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே வீட்டு பிளக்குல மாட்டி முழுசா ஏத்துங்க. ஒரு நாள் விட்டு மல்ட்டிமீட்டர் வச்சுப் பாருங்க: 12.7 காட்டினா நல்லாருக்கு, 12.2 பாதி. 12-க்குக் கீழன்னா உடனே சார்ஜுல போடுங்க.