குறட்டையைக் கணக்கில் எடுப்போம்!



பிற்பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் அசருவதை உழைப்பின் களைப்பு என்கிறோம். இரவில் வீடே அதிரக் குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்கிறோம். இவ்விரண்டும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்பதை நம்மில் பலர் அறியோம்.

மருத்துவர்கள் இதனை ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்கின்றனர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்ப, பெரும் சத்தத்துடன் மூச்சு திரும்புகிறது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் நோய் கடுமையானது. தூங்குபவருக்குக் காலையில் எதுவும் நினைவிராது. அருகில் இருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். எனவே முதலில் அவரைக் கேளுங்கள்.

காலையில் தலைவலி, வறண்ட வாய், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுதல், மறதி, வாடிக்கையாளரிடம் எரிந்து விழுதல் ஆகியவையும் அடையாளங்களே. உட்கார்ந்தே தொழில் செய்து உடல் பருத்தவர்களும், சட்டைக் காலர் 17 அங்குலத்தைத் தாண்டியவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஒல்லியானவர்களுக்கும் வருவதுண்டு.

கவனியாது விட்டால் மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். இந்தித் திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது மருத்துவர்கள் கூறிய காரணம் இந்நோய்தான். திருப்புட்குழி, பாலுச்செட்டி சத்திரம் பகுதியிலிருந்து நள்ளிரவில் வண்டி எடுத்துக் கோயம்பேடு சென்று சரக்கு ஏற்றி வருவோருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு நொடி கண் மூடினால் போதும், குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

"கடையைப் போட்டுவிட்டு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுக்க முடியுமா?" என்று கேட்கலாம். இன்று பலருக்கு வீட்டிலேயே கருவி பொருத்திப் பரிசோதிக்க வழி உண்டு. மருந்துச் செலவை விட முன்னால் நிற்பவை பழக்கங்களே. எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவையும் தாமாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையையும் விலக்குவதும் பெரிதும் உதவும். நோய் முற்றியவர்களுக்கு முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி இருக்கிறது. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிவித்த முறை இது.

வணிகர் சங்கங்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முகாம் நடத்துகின்றன. அம்முகாம்களிலேயே குறட்டை பற்றியும் பகல் தூக்கம் பற்றியும் நான்கு கேள்விகள் கேட்டு, ஒரு நாடாவால் கழுத்தையும் அளந்தால் சந்தேகத்துக்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஏதுமில்லை. நம் சங்கம் இதில் முன்கை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தராசுக்குத் தவறாமல் முத்திரை வைக்கிறோம். அதைப் பிடிக்கும் கைக்கு உரியவரின் உடலையும் ஒருமுறை சரிபார்த்துக் கொள்வோம்.