மாதிரி எஞ்சின்களில் முதலிடம் எதற்கு?

பெங்களூர் நகரம் மூன்று அகலங்களில் இருப்புப் பாதைகளைக் கண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து 1864-ல் வந்து சேர்ந்த அகலப் பாதை தொம்மலூருக்கு வடக்கே, பையப்பனஹள்ளி வழியாக நகருக்குள் நுழைகிறது. 1881-82-ல் மைசூருக்கு மீட்டர் பாதை அமைந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்கபள்ளாபூர்ப் பக்கம் குறும்பாதையும் போடப்பட்டது. இம்மூன்றிலும் நீராவி எஞ்சின்களே ஓடின. இன்று ஒன்றிலும் இல்லை. ஆயினும், தொம்மலூரில் அடுக்குமாடி வீடொன்றின் அறையில், மேசையளவு இருப்புப் பாதை அமைக்க ஆவல் கொண்ட ஒருவர் கடையில் எளிதாக வாங்கக் கூடியவை ஜெர்மானிய, பிரிட்டிஷ், அமெரிக்க எஞ்சின்களின் உருவங்களே. தம் ஊர் வழியே ஓடிய எஞ்சின் வேண்டுமாயின், தாமே தகட்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். அல்லது உற்பத்தியாளர் எவரேனும் செய்யமாட்டாரா என்று காத்திருக்க வேண்டும்.

இவ்வாறு காத்திருப்போரிடம் எந்த எஞ்சின் வேண்டும் என்று வினவினால், பெரும்பாலோர் டபிள்யூ.பி. வகையைச் சொல்வர். இதில் வியப்பில்லை. குவிந்த முகப்பும் அதன் நடுவில் நட்சத்திரமும் கொண்ட அந்த எஞ்சின் 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து முதலில் வந்தது. பின்னர் மொத்தம் 755 எஞ்சின்கள் இவ்வகையில் இயங்கின. அழகில் அதற்கு நிகர் இல்லை எனலாம். ஆனால் முதற்கோரிக்கையாக அதனை வைப்பது தவறு. காரணம் பாதையின் அகலம்.

உலகில் மிகுதியாகப் பழகும் மாதிரி அளவு 1:87 ஆகும். அதற்கென விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதனை 87 ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் அகலம் அதுவே. இந்திய அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை 87 ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் தேவைப்படுகிறது. கடைத் தண்டவாளத்தின்மீது டபிள்யூ.பி.யை நிறுத்தினால் பாதை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறுகிவிடும். எண்ணிக்கையில் இது சிறிது, கண்ணுக்குச் சிறிதன்று. அகன்ற உடலும் ஒடுங்கிய கால்களுமாக அந்த எஞ்சின் நிற்கும். 19.3 மில்லிமீட்டரில் தண்டவாளமும், பிரிபாதைகளும், பெட்டிச் சக்கரங்களும் தனியே செய்யவேண்டுமாயின், கேட்பது ஓர் எஞ்சினை அன்று, ஒரு தொழிற்சாலையையே.

மீட்டர் பாதைக்கு இத்தொல்லை இல்லை. 1000 மில்லிமீட்டரை 87 ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏற்கெனவே விற்பனையில் உள்ளது. அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தமாட்டார்.

உற்பத்தியாளரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் நியாயம். மாதிரி எஞ்சினின் விலையில் உலோகமும் மோட்டாரும் ஒரு பகுதியே. பெருஞ்செலவு எஃகு அச்சுகளை வெட்டுவதில் இருக்கிறது. நூறு எஞ்சின் வார்த்தாலும் பதினாயிரம் வார்த்தாலும் அச்சின் செலவு பெரிதும் மாறாது. வாங்குவோர் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் மேலும் குறைவர். இந்த வட்டத்தை உடைக்கச் சில மேலைநாட்டு நிறுவனங்கள் முன்பதிவு பெற்று, போதிய எண்ணிக்கை சேர்ந்த பின்னரே அச்சு வெட்டுகின்றன. இந்திய ஆர்வலர்களோ பத்துப் பேர் கூடினால் பத்து எஞ்சின்களைக் கேட்கின்றனர்.

ஆகவே ஒன்றையே கேட்பது நலம். அது நீலகிரியின் எக்ஸ் வகையாக இருக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டிய அந்தப் பாதை மீட்டர் பாதையே. எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12.5 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் உண்டு. எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. சமநிலத்தில் உயரழுத்த உருளைகள் மட்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டம் தொடங்கியதும், அங்கு வேலை முடித்த நீராவி வீணாக வெளியேறாமல் தாழ்வழுத்த உருளைகளுக்குச் சென்று பற்சக்கரங்களை இயக்கும். ஒரே நீராவி இருமுறை உழைக்கும் இவ்வமைப்பினைக் கரும்பலகையில் விளக்கிச் சலித்த ஆசிரியர்கள் பலர் இருப்பர். மாதிரியை ஓட்டுவது மின்மோட்டாரேயாயினும், இரண்டு தொகுதி இயக்கத் தண்டுகளும் தனித்தனியே அசைவதை மாணாக்கர் கண்முன் காணலாம்.

வேறு வசதிகளும் உண்டு. ஃபுர்கா மலைப்பாதையின் வண்டிகளை 12 மில்லிமீட்டர் அகலத்தில் செய்துவரும் ஜெர்மனியின் பெமோ போன்ற நிறுவனங்களுக்குப் பற்சட்டப் பாதை புதிதன்று. உடல் நீளம் குறைந்த எஞ்சினாதலால் குறுகிய வளைவுகளிலும் செல்லும். சிற்றறையில் இது சிறிய நன்மையன்று. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான பாதையாதலால் வெளிநாட்டாரும் வாங்குவர். 2016-ல் வந்த தாமஸ் கார்ட்டூன் படத்தில் ‘ஆஷிமா’ என்னும் பாத்திரம் இந்த எஞ்சினின் சாயலிலேயே படைக்கப்பட்டு, விளையாட்டுப் பொம்மையாகவும் கடைகளுக்கு வந்துவிட்டது. கண்ணும் வாயும் வைத்த நீலகிரி எஞ்சின் குழந்தைகளின் கையில் இருக்க, அளவு பிசகாத எஞ்சினுக்குப் பெரியவர்கள் ஏங்குவது வேடிக்கையே.

பற்சக்கரத்தோடு கூடிய மாதிரி விலை மிகும் என்பது உண்மை. பற்சக்கரத்தை வெறும் தோற்றமாக அமைத்து ஒரு மலிவுப் பதிப்பும் வெளியிடலாம். இரண்டாம் இடம் ஒய்.பி. வகைக்கு. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் பாதையில் பயணம் செய்த தலைமுறைக்கு அதன் உருவம் மறக்கத்தக்கதன்று.

கோரிக்கை எதுவாயினும் உற்பத்தியாளர் முதலில் கேட்பது அளவுகளையே. எக்ஸ் வகையில் இடர்ப்பாடு குறைவு. பொன்மலைப் பணிமனை எண்ணெயால் இயங்கும் புதிய எஞ்சின்களை 2011 முதல் கட்டித் தந்துள்ளதால், அதன் வரைபடங்கள் அண்மையிலும் கையாளப்பட்டவை. ஒய்.பி.யும் அதன் சரக்கு இனமான ஒய்.ஜி.யும் அவ்வாறல்ல. அருங்காட்சியகங்களில் உள்ளவை போக, ஏனையவை நிலைய வாசல்களிலும் அலுவலக முற்றங்களிலும் வெயில் மழையில் நிற்கின்றன. வெளியூர் செல்லும் களப்பணியாளரும், மாணாக்கரை உடனழைத்துச் செல்லும் ஆசிரியரும், உரிய அனுமதி பெற்று, நாடாவால் அளந்து, அருகில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்தல் அரிய செயலன்று. எஞ்சினின் எண்ணையும் அளந்த நாளையும் குறித்தல் வேண்டும். நேரம் குறைவாயின், கொதிகலத்தின் மேற்புறத்தையும் ஓட்டுநர் அறையின் உட்புறத்தையும் முதலில் எடுத்துக் கொள்ளலாம். பக்கத் தோற்றம் பழைய புகைப்படங்களில் ஏராளமாக உண்டு.