கணக்கு நோட்டும் கம்ப்யூட்டரும்

போன வாரம் என் நாத்தனார் பெண் லீவில் வந்திருந்தாள். லீவு என்று பேர்தான். இரவு பன்னிரண்டு மணிக்கும் மடியில் கம்ப்யூட்டர்!

"என்னடி இது, தூங்கவில்லையா?" என்றேன்.

"எங்கள் ஆர்டர் கணக்கு ஒரு வாரமாக நாளுக்கு நாள் மெதுவாகிறது, மாமி. காலையில் 'வாக்யூம் ஃபுல்' கொடுத்து ஒரேயடியாகச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். அது முடிகிற வரை ஒருவரும் கணக்கைத் தொட முடியாது. பண்டிகை சமயத்தில் கடையை மூடினாற்போலத்தான். வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்றாள்.

"எனக்குப் புரிகிற மாதிரி சொல்லேன்" என்றேன். சொன்னாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். நீங்களே அந்த வேலையில் இருக்கலாம். ஆகவே கேளுங்கள், சகோதரிகளே!

'போஸ்ட்கிரெஸ்' என்ற கணக்குப்பிள்ளை நம் பால் கணக்கு நோட்டைப் போலத்தான். தொகை மாறினால் பழைய வரியை அழிப்பதில்லை; அடித்துவிட்டுப் புது வரி எழுதும். அந்த நேரத்தில் பழைய வரியை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? ஆனால் அடித்த வரிகள் சேரச் சேர நோட்டு பருத்துவிடும். எது எந்தப் பக்கம் என்று காட்டும் இண்டெக்ஸும் கூடவே ஊதிவிடும்.

அடித்த வரிகளைத் துடைத்து, மறுபடி எழுத இடம் செய்து வைப்பதுதான் வாக்யூம். 'ஆட்டோவாக்யூம்' தானாகவே வரும். எப்போது? நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மேற்கொண்டு 50 வரியும் வீணான பிறகு. 1,000 வரிக்கு 250, பாதகமில்லை. ஒரு கோடி வரியானால், 20 லட்சம் குப்பை சேரும் வரை துடைப்பத்தையே எடுக்காது! பெரிய கணக்குக்கு மட்டும் இதை நூற்றில் ஒரு பங்காக்கினால், ஒரு லட்சம் சேர்ந்ததுமே வந்துவிடும்.

"அப்படித்தான் வைத்திருக்கிறோம், மாமி. வந்து வந்து போகிறது, குப்பைதான் போகவில்லை" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "யாராவது இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறார்களோ?"

தேடினாள். யாரோ ஒருவர் ஒரு வாரத்துக்கு முன் ஓர் அறிக்கைக்காகக் கணக்கைத் திறந்து, முடிக்காமலே விட்டிருந்தார்! அந்த 'டிரான்ஸாக்ஷன்' திறந்திருக்கும் வரை, அதற்குப் பின் அடித்த வரிகளை வாக்யூம் தொடாது. அதை மூடினாள். அடுத்த தடவை குப்பை போயிற்று.

ஆனாலும் ஊதின இண்டெக்ஸ் தானாக வற்றாது. அதற்கு 'ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி' என்ற வழி 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. பழையது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதைக் கட்டிவிடும். இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். விடிவதற்குள் அதுவும் முடிந்தது, கடை மூடவில்லை.

தினம் பெருக்குவது வேறு. சாமான்களை வெளியே போட்டு வெள்ளையடிப்பது வேறு. முதலாவது நடக்கவில்லையென்றால், வாசற்படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வெள்ளையடிப்பதைப் பிறகு யோசிக்கலாம்!